என் அரைப் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

பேராசிரியராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. துறைக் கையேட்டுக்கு என்னைப் பற்றி அரைப் பக்கம் கேட்டார்கள்: படிப்பு, நடத்தும் பாடங்கள், ஆய்வு ஆர்வம். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், எல்லாம் நானே தனியாகச் செய்ததுபோல் இருந்தது. அது பொய். அதனால்தான் இந்த மடல்.

இளங்கலையில் நான் படித்தது இயற்பியல். அப்புறம் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தும் வேலை. முதல் பக்கச் செய்தி மறுநாள் பேருந்தில் பேச்சாகும், ஏழாம் பக்கச் செய்தியை யாரும் சீண்டமாட்டார்கள். இது ஏன் என்று செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். 1968 அமெரிக்கத் தேர்தலின்போது அங்கே சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் பேசி மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு தொடர்பியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்ததும் இதைத்தான் என்றார். மறுவாரம் தொடர்பியல் முதுகலைக்கான விண்ணப்பத்தைக் கையில் திணித்தார். ஐயா, அதன் கட்டணத்தை நான் இன்னும் உங்களுக்குத் தரவில்லை.

முனைவர் பட்டத்துக்கு வானொலிச் செய்தியும் நேயர்களும் என் தலைப்பு. வீடு வீடாகப் போய், வாரத்தில் எத்தனை நாள் செய்தி கேட்பீர்கள் என்று படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். "ஏம்மா, எத்தனை நாள் கேட்டேன்னு கேக்குறே, யார்கூட உக்காந்து கேட்டேன்னு கேக்கலையே? பக்கத்து வீட்டுக்காரி விளக்கிச் சொன்னாத்தானே எனக்குப் புரியும்!"

எனக்குச் சுருக்கென்றது. 1940-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஈரி கவுண்டியில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழு வாக்காளர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்தபோது தட்டுப்பட்டதும் இதேதான்: பலருக்குச் செய்தி நேராக வருவதில்லை, இன்னொருவர் வழியாக வருகிறது. அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான். படிவத்தில் மட்டும் கோட்டைவிட்டிருக்கிறேன். அச்சடித்த படிவங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க அனுமதித்த என் நெறியாளருக்கு நன்றி. ஒரு வருடம் போயிற்று, சரி, போகட்டும்.

உள்ளடக்கப் பகுப்பாய்வில் என்னோடு செய்திகளை வகைப்படுத்திய தோழிக்குத் தனி நன்றி. அணைநீர் திறப்பு தாமதம் என்ற செய்தியை நான் 'வேளாண்மை' என்றேன், அவள் 'அரசியல்' என்றாள். இரண்டு நாள் சண்டை. இப்படி எத்தனையோ! எங்கள் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா, அதாவது எங்கள் இருவரின் வகைப்படுத்தல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண், 0.80-ஐத் தாண்டவே மாட்டேன் என்றது. வரையறைகளைத் திருத்தி எழுதிய பிறகுதான் வழிக்கு வந்தது. அவள் விட்டுக்கொடுத்திருந்தால் ஆய்வு கெட்டிருக்கும்.

ஆய்வுமுறை வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து "அதெப்படி மேடம்?" என்று கேட்கும் மாணவர்களே, உங்களால்தான் ஒரே பாடக்குறிப்பை நான் இரண்டாம் வருடம் நடத்த முடிவதில்லை. கோபமும் உண்டு, நன்றியும் உண்டு.

இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஆராய்கிறேன். படிவத்தின் முதல் கேள்வி: "ஒரு தகவல் உண்மையா என்று யாரிடம் கேட்பீர்கள்?" கேள்வி பாட்டியுடையது, பாட்டி இன்று இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய மெய்ப்புத் திருத்துநர்