பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? விடுமுறைக்கு முன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையில் சிறுவர் பகுதியை மாற்றி அடுக்கியிருக்கிறோம். 'ஒன்றாம் வகுப்பு', 'ஐந்தாம் வகுப்பு' என்று தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை எடுத்துவிட்டோம். வழக்கமாக எடுக்கும் புத்தகம் பழைய இடத்தில் இல்லையே என்று பலரும் கேட்டீர்கள். ஏன் மாற்றினோம், சிறுவர்க்கும் இளையோர்க்கும் வரும் புத்தகங்களில் எதைப் பார்த்து எடுக்கிறோம், எதை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறோம் என்பதை எழுதிவிட்டால், விடுமுறைக்குப் புத்தகம் வாங்க வரும்போது உங்களுக்கும் உதவும்.

ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. ஒருத்தி மூன்றாம் வகுப்பிலேயே நாளிதழை விரித்துப் படிப்பாள். இன்னொருவன் ஏழாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான். அதில் அவன் தவறு எதுவும் இல்லை. வகுப்பைச் சொல்லிப் புத்தகம் கேட்டால் இருவருக்குமே பொருந்தாது. பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவை. அதனால் எங்கள் தட்டுகளுக்கும் அவற்றையே வைத்துவிட்டோம். பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பிள்ளையே வந்து பார்த்துச் சொல்லட்டும். ஆகவே முதல் வேண்டுகோள்: முடிந்தவரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். எளிமையான இந்தச் சோதனையைப் பல நாடுகளில் ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். தமிழுக்கு வரும்போது கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ஓடிக்கொண்டிருந்தவனைப்பார்த்து' என்று நான்கு சொல்லை ஒட்டி ஒரே கொத்தாக அச்சடித்திருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் தெரிந்த பிள்ளைகூடத் திணறும். அங்கே விரல் மடக்க வேண்டியது பிள்ளையில்லை, பதிப்பித்தவர்தான். நுழை, நட தட்டுகளுக்கு எடுக்கும்போது எழுத்தின் பருமன், வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, வரி முடிவில் சொல்லை வெட்டியிருக்கிறார்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் எடுக்கிறோம். பழைய நூல்களை அப்படியே படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்புகளும் வருகின்றன. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய வடிவில் ணை, லை, றா எழுத்துகள் அவற்றில் இருக்கும். பெரியவர்களுக்கு அது சுகமாக இருக்கலாம். புதிதாக எழுத்துப் பழகும் பிள்ளையைக் குழப்பிவிடும் என்பதால் அவற்றை மேல்தட்டில் தனியே வைத்திருக்கிறோம்.

கேட்டுப் புரிந்துகொள்வதும் தானே படித்துப் புரிந்துகொள்வதும் ஒன்றில்லை. 'நட' படியில் இருக்கும் பிள்ளைக்கு, நீங்கள் படித்துக் காட்டினால் 'பற' தட்டிலுள்ள கதையும் புரியும். ஆகவே வாங்கும்போது பிள்ளை தானே படிக்க ஒன்று, வீட்டில் பெரியவர்கள் படித்துக் காட்ட ஒன்று என்று இரண்டாக எடுக்கச் சொல்கிறோம். படித்துக் காட்டுபவருக்கு அழகாகப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பழகிய குரலாக இருந்தால் போதும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் கேட்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனின் தமிழ் வாசிப்பு ஆறு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கலாம். அதற்காக அவன் கையில் ஆனா ஆவன்னா படப்புத்தகத்தைக் கொடுத்தால் கூசிப்போவான். அவனுடைய அறிவுக்கு வயது பன்னிரண்டுதானே. அவனுக்குப் படக்கதை கொடுங்கள், அல்லது தமிழும் ஆங்கிலமும் எதிரெதிரே அச்சிட்ட இருமொழி நூல்கள், படங்கள் நிறைந்த அறிவியல் நூல்கள் கொடுங்கள். படக்கதை படிப்பதைப் படிப்பாகவே கணக்கில் எடுக்காத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்துகொண்டிருக்கும் முத்து காமிக்ஸைப் படித்தே வேகமாக வாசிக்கப் பழகியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்தத் தட்டை இன்னும் பெரிதாக்கப் போகிறோம்.

தகவல் நூல்கள் விஷயத்தில்தான் நாங்கள் மிகக் கறாராக இருக்கிறோம். கதையில் யானை பறக்கலாம். 'அறிவியல் உண்மைகள்' என்று அட்டையில் போட்டுக்கொண்டு வருகிற புத்தகத்தில் பிழை இருக்கக் கூடாது. நம் கடற்கரைப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். கடலுக்கடியில் நீந்தும் நண்டைச் செக்கச்செவேலென்று வரைந்திருந்தால் பாம்பன் பிள்ளை உடனே பிடித்துவிடும். நம் வலைகளில் வரும் நீலக்கால் நண்டு வெந்த பிறகுதானே சிவக்கிறது! ஓட்டில் புரதத்தோடு பிணைந்திருக்கும் சிவப்பு நிறமி, சூட்டில் விடுபடுவதால் வரும் நிறம் அது. பவளத்தைச் செடி என்று எழுதியிருக்கிறார்களா, திமிங்கிலத்தை மீன் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களா, கடல்குதிரையில் குஞ்சைப் பையில் சுமப்பது ஆண் என்று சரியாகச் சொல்கிறார்களா என்று நீங்களும் பார்க்கலாம். ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று நாங்கள் தேடுவோம். கடற்புல் மேயும் அந்தப் பாலூட்டிக்காக 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நம் வாசலில் இருக்கும் உயிரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பென்குவினுக்கு நான்கு பக்கம் ஒதுக்கும் நூல் நல்ல தாளில் வந்தாலும் எங்களுக்கு இரண்டாம் இடம்தான்.

கடல் சாராத நூல்களுக்கும் சில குறுக்குவழிகள் உண்டு. சூரியக் குடும்பத்தில் புளூட்டோவை ஒன்பதாவது கோளாக எண்ணியிருந்தால், அந்த நூலை 2006-க்குப் பிறகு யாரும் திருத்தவில்லை என்று பொருள். தமிழ்நாட்டு மாவட்டங்கள் 38 என்று இருக்க வேண்டும். பாம்பன் பாலத்தைப் பற்றி 1914-இல் திறந்த பழைய பாலத்தோடு நிறுத்தியிருந்தால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செங்குத்தாக மேலெழும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில்தானே திறந்தது. எந்த ஆண்டுப் பதிப்பு என்று உள்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரோ பதிப்பு ஆண்டோ எங்குமே இல்லாத 'பொது அறிவுக் களஞ்சியங்கள்' மலிவாக வருகின்றன. அவற்றை நாங்கள் வாங்கி வைப்பதில்லை.

கதைகளுக்கு வருகிறேன். கதை முடிந்ததும் கட்டம் கட்டி 'நீதி' என்று எழுதியிருந்தால்தான் நல்ல புத்தகம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை கதையைப் படித்து, தானே யோசித்து, 'அந்த நரி பாவமில்லையா?' என்று கேட்க வேண்டிய இடத்தைத்தான் அந்தக் கட்டம் அடைத்துவிடுகிறது. நீதிக்கதைத் தொகுப்புகள் கடையில் இன்னும் இருக்கின்றன, கேட்டால் எடுத்துத் தருவோம். ஆனால் பிள்ளைகள் கைக்கெட்டும் தட்டில், முடிவைப் பிள்ளையிடமே விட்டுவிடும் கதைகளை வைத்திருக்கிறோம்.

அந்தக் கதைகளில் யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். பல புத்தகங்களில் கடல் என்றால் மணல்வீடும் பந்தும் ஐஸ்கிரீமும்தான். அதிகாலையில் வள்ளம் தள்ளும் அப்பா, சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கத் தீவுக்குப் போகும் அம்மா, வலை பொத்தும் தாத்தா யாரும் இல்லை. மீனவர் வந்தால் குடிகாரராகவோ பேராசைக்காரராகவோ வருகிறார். கறுத்த முகம் என்றால் திருடன். சக்கர நாற்காலியில் இருப்பவர் பரிதாபப்பட மட்டுமே வருவார். கதாநாயகியின் முடிவை வேறு யாராவது எடுப்பார்கள். இப்படிப்பட்டவற்றைப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிவிடுகிறோம். தங்கச்சிமடத்து அந்தோணியும் தொண்டி ஆயிஷாவும் தேவிபட்டினத்து முருகனும் புத்தகத்தில் தங்கள் பெயரைப் பார்க்க வேண்டும், அடுத்தவர் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும்.

பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைப்பது குறைவு. சிறுவர் கதை சலித்ததும் நேரே பெரியவர்களின் சரித்திர நாவலுக்குத் தாவுகிறார்கள், அல்லது போட்டித் தேர்வு வழிகாட்டிக்குள் போய்விடுகிறார்கள், அல்லது படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். இளையோர் நூலைப் புரட்டும் பெற்றோர் 'இதில் காதல் வருகிறதா, சாவு வருகிறதா, சாதி பற்றி இருக்கிறதா' என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு நம் தெருக்களிலேயே இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. துக்கத்தை நேர்மையாகச் சொல்லும் ஒரு நாவல் இருவருக்கும் துணையாகும். எழுதியவர் அந்தச் சங்கதியை வைத்துப் பரபரப்புக் காட்டுகிறாரா, நடந்ததன் விளைவையும் சொல்கிறாரா, வாசிக்கும் பிள்ளையை மதித்துப் பேசுகிறாரா என்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். சந்தேகமிருந்தால் முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு பிள்ளையிடம் கொடுத்துப் பேசுங்கள்.

ராமேஸ்வரம் போய் வருகிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' வாங்குகிறார்கள். நல்ல நூல்தான். ராமேஸ்வரத்தில் கழிந்த இளமைக்காலப் பக்கங்களை எட்டு வயதுக்குப் படித்துக் காட்டலாம். எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ஏவுகணைத் திட்டங்கள் என்று போகும் பகுதிகளை ரசிக்க இன்னும் ஐந்தாறு ஆண்டு வேண்டும். அதுவரை அலமாரியில் இருக்கட்டும்.

அலமாரி என்றதும் உப்புக்காற்று நினைவுக்கு வருகிறது. கம்பிப் பின் அடித்த மெல்லிய புத்தகங்களில் ஓர் ஐப்பசி மழை போவதற்குள் அந்தப் பின் துருவேறித் தாளைத் தின்றுவிடும். அதே புத்தகம் நூல்தையலில் கிடைத்தால் அதையே தருவிக்கிறோம். பசை மட்டும் போட்ட தடிமனான புத்தகத்தை நடுவில் விரித்துப் பாருங்கள், முதுகு படபடவென்றால் கோடை தாண்டாது. பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை போதும். சிறு பிள்ளைகள் எடுக்கும் தட்டில் அந்துருண்டை வைக்க வேண்டாம், அது விஷம்.

கடைசியாக, காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தே வருகின்றன. பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும்போது விசைப்படகு வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த நாள்களில் எங்களிடம் வாங்கிய சிறுவர், இளையோர் நூல் எதையும் படித்துவிட்டுக் கொண்டுவந்தால், அதே விலையுள்ள வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம், கூடுதல் பணம் வேண்டாம். அதுவும் முடியாதென்றால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியிலேயே படித்துக் காட்டலாம். எப்படித் தேடுவதென்று தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், காட்டித் தருகிறோம்.

மாற்றக் கொண்டுவரும் புத்தகத்தில் கிறுக்கலோ எண்ணெய்க் கறையோ இருந்தால் பரவாயில்லை, பக்கம் மட்டும் குறையாமல் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை அடைத்திருக்கும். மற்றபடி காலை 10 மணி முதல் இரவு 8.30 வரை திறந்திருப்போம்.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடையினர்,
ராமநாதபுரம்