மாடித் தோட்டம் போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு நிறையக் கொத்தவரங்காய், அதன் தலைமேல் வெண்டைக்காய், சாத்த முடியாத கதவு. "இதையெல்லாம் என்ன பண்ண?" என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் மாடியில் தொட்டி வைத்த பாதிப் பேர் சித்திரை பிறந்தால் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில், காய்த்ததை எல்லாம் காப்பாற்ற நினைக்காதே. வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். சுரையும் பீர்க்கும் அதற்குச் சளைத்தவை இல்லை. அவற்றைக் காயவைத்து ஒன்றும் ஆகாது. கூட்டு, பச்சடி, தோல் துவையல் என்று அன்றன்றே தின்று தீர்க்க வேண்டும், மிஞ்சினால் எதிர்வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூரப் போடு. தண்ணீர் இல்லாமல் வெயிலில் வாடிய கொடியில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு ஏறலாம். கொதிக்கவைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். ஒரு காய்க்காகக் கஞ்சத்தனம் வேண்டாம்.

தடியங்காயை, அதாவது வெண்பூசணியைப் பற்றிக் கவலையே படாதே. நன்றாக முற்றியதும் காம்போடு பறித்து, மேலே இருக்கும் சாம்பலைத் துடைக்காமல், காற்றோட்டமான நிழலில் வை. மாதக்கணக்கில் அது பாட்டுக்குக் கிடக்கும்.

வத்தலுக்கென்றே பிறந்தவை கொத்தவரை, பாகல், கத்தரி, மிளகாய். வெண்டையிலும் தண்ணீர் அதிகம்தான், ஒரு கிலோ காய்ந்தால் நூறு கிராமுக்குச் சற்றுக் கூடத்தான் நிற்கும். ஆனால் நார் இருப்பதால் உருவம் கெடாது, பொரித்தால் மொறுமொறுவென்று வரும்.

இதற்கு உனக்கு அதிக நாள் இல்லை. சென்னையில் நான் வத்தல் போட்டால் மத்தியானக் கடல்காற்றில் ஈரம் திரும்ப ஏறிக்கொள்ளும். பாளையங்கோட்டையில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வந்துவிடும், வத்தலும் துணியும் அடுத்த தெருவில் கிடக்கும். கத்திரி வெயில் அடிக்கும்போதே வேலையை முடித்துவிடு. நீயே செய், பொண்டாட்டி தலையில் கட்டாதே. விதை போட்டது நீதானே.

கொத்தவரையில் முற்றாத காயாக எடுத்து, காம்பும் நுனியும் கிள்ளி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு நிறம் மாறியதும் எடுத்துவிடு. வேகக் கூடாது. அந்தச் சூடு காயில் இருக்கும் நொதிகளை அடக்கிவிடும். இல்லையென்றால் காயக் காய நிறமும் மணமும் கெடும். பிறகு வடித்து, கெட்டியான புளித்த மோரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயப்போடு. உப்பில் மட்டும் கையை இறுக்கிப் பிடி. காய் சுருங்கும், போட்ட உப்பு அப்படியே நிற்கும். ஈரக் காயில் சரியாக இருந்த உப்பு, வறுத்த வத்தலில் நாக்கைக் கிழிக்கும்.

வெண்டையைச் சுடுதண்ணீரில் போட்டுவிடாதே, வழவழவென்று ஆகிவிடும். வட்டமாக நறுக்கி மோரில் புரட்டினால் போதும். பாகலுக்கு உப்பும் மஞ்சளும். கத்தரியை நறுக்க நறுக்க உப்புத் தண்ணீரில் போடு, கறுக்காது.

மிளகாயில்தான் பொறுமை வேண்டும். காம்பைக் கிள்ளாமல், நுனியில் சிறிதாகக் கீறி, கல்லுப்புப் போட்ட புளித்த மோரில் ஊறப்போடு. பகலில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பு. ராத்திரி திரும்ப அதே மோரில் போடு. மோர் முழுவதும் மிளகாய்க்குள் போகிறவரை இப்படியே. அப்புறம் வெளிறி, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் வரை காயவிடு. ஒரே நாளில் முடிக்கும் குறுக்குவழி என்று வீடியோ பார்த்துவிட்டு வராதே, அது வெறும் உப்பு மிளகாய்.

எதையும் தளத்தில் நேராகப் பரப்பாதே. கட்டிலில் பழைய வேட்டி விரித்து, மேலே கொசுவலைத் துணி. பொழுது சாயும் முன் உள்ளே எடு. காயைக் கையால் ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் வெயில் பாக்கி. எடுத்த சூட்டோடு ஜாடியில் அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும், ஆறவிட்டு அடை. ஐப்பசி மழையில் எப்போதாவது வெயில் முகம் காட்டினால் ஒருமுறை எடுத்து உலர்த்திவிடு.

தக்காளிக்குத் தொக்கு. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் தாராளமாக, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை கிளறு. இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சைக் காய்களையும் பூண்டையும் வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பது, புளிப்பு சேர்க்காமல் காயை வேகவைத்துப் பாட்டிலில் இறுக்கி அடைப்பது, இரண்டும் இப்போது பெரிய மோஸ்தராக இருக்கிறது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடத்தில்தான் போட்டுலினம் என்ற கிருமி நஞ்சு கக்கும். அதன் வித்து நூறு டிகிரிக் கொதிப்பில் சாகாது, 121 டிகிரி அழுத்தச் சூடு வேண்டும். மணத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. நம் ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ உப்போ இல்லாமல் எதுவும் இறங்குவதில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

இன்னொன்று, உன் காய் இவ்வளவு குவிந்ததற்குக் காரணம் நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறிப்பது. வெண்டை பூத்து ஒரு வாரத்துக்குள் பறிக்காவிட்டால் நார் பாய்ந்துவிடும், செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் கத்தரிக்கோலோடு மாடி ஏறு. ஒவ்வொன்றிலும் நல்ல திடமான செடியில் இரண்டு காயை மட்டும் விதைக்கு விட்டு, நூல் கட்டி அடையாளம் வை. முற்றிப்போன கொத்தவரையை நினைத்து வருத்தப்படாதே; அந்த விதையின் பிசினைத்தான் ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்கள், எண்ணெய்க் கிணறு தோண்டவும் ராஜஸ்தானிலிருந்து டன் டன்னாகப் போகிறது. உனக்கு அடுத்த வருஷ விதையாச்சு.

முருங்கைக்காயை ஒன்றும் செய்யாதே. இந்த வாரம் யார் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினாலும் ஒரு கட்டுக் கொடுத்துவிடு, எழும்பூரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா