சாயங்காலத்தில் பிள்ளை யாரோடு பேசுகிறது?

பெற்றோர்களுக்கும், பெற்றோர் வெளியூரில் இருப்பதால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, தாத்தாக்களுக்கும் வணக்கம்.

இது மார்க் பற்றிய கடிதம் இல்லை, நம் பிள்ளைகளின் தனிமை பற்றியது.

திங்கட்கிழமை காலையானால் "வயிறு வலிக்குது சார்" என்று வந்து நிற்கும் பிள்ளைகள் நம் பள்ளியில் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் ஒன்றுமில்லை என்கிறார்கள், வீட்டில் நடிக்கிறான் என்கிறீர்கள். நடிப்பு இல்லைங்க. மனதில் உள்ளதைச் சொல்ல ஆளில்லாதபோது அது வயிற்றுவலியாக, தலைவலியாக வரும், வலி நிஜம்தான். சத்துணவுத் தட்டை வாங்கிக்கொண்டு தனியாகச் சுவரோரம் போய் உட்காருவதும் பெரும்பாலும் இதே பிள்ளைகள்தான்.

இது வெள்ளைக்காரன் நாட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் தனிமையைக் கவனிக்கவே ஒரு அமைச்சரைப் போட்டார்கள், உண்மைதான். ஆனால் 2025-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறது, பணக்கார நாடுகளைவிட வருமானம் குறைந்த நாடுகளில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதிலும் வளரிளம் பருவப் பிள்ளைகளிடம்தான் அதிகம். தனிமையில் இருக்கும் பிள்ளைகள் மார்க் குறைவாக வாங்கும் வாய்ப்பு 22 சதவீதம் அதிகமாம். (மார்க் என்றால்தான் சிலர் மேலே படிப்பீர்கள், அதனால் சொன்னேன்.)

பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும் போகாமல் நம் தருமபுரி மாவட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியாது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். முன்பும் போனார்கள். ஆனால் அப்போது பிள்ளை தெருவில் இருந்தது, புளி தட்டும் சீசனில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் ஒருத்தியாவது "ஏன்டா மூஞ்சி வாடியிருக்கு" என்று கேட்டுவிடுவாள். இப்போதும் புளி தட்டுகிறோம், அவரவர் கேட்டுக்குள்ளே. பள்ளி விட்டுப் போகும் பிள்ளைக்கு ராத்திரி வரைக்கும் துணை செல்போன் மட்டும்தான்.

அதற்காக அந்தக் காலத்து ஊர் ஒற்றுமையை நான் புகழப் போவதும் இல்லை. அந்தத் திண்ணையில் எல்லாத் தெருக்காரர்களும் உட்கார முடிந்ததில்லை என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதனால்தான் பள்ளி மைதானத்தைத் திறந்துவைக்கிறோம், தினமும் மாலை ஆறு மணி வரை, உடற்கல்வி ஆசிரியர் இருப்பார். எந்தத் தெருப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையோடும் விளையாடும். "அவனோடு சேராதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பாதீர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளையும் விடுங்கள், அவர்களை வேலைக்கென்று வீட்டிலேயே நிறுத்திக்கொள்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வெளியூரில் இருப்பவர்கள் போன் செய்யும்போது "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு வைத்துவிடாமல், இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், யாரோடு சண்டை என்று கேளுங்கள். முதல் வாரம் பதில் வராது. விடாதீர்கள்.

பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். கோயிலுக்குப் போய் மந்திரித்துக்கொண்டு வாருங்கள், நான் தடுக்கவில்லை, ஆனால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். போக முடியாதவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் பூட்டிவையுங்கள், அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒகேனக்கல் போய்விட்டு அப்படியே பஸ் ஏறிவிடாமல், ஏதாவது ஒரு வேலை நாளில் அரை மணி நேரம் பள்ளிக்கு வாருங்கள். வகுப்பாசிரியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ரேங்க் கார்டு எதையும் காட்ட மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்