பில்லியர்ட்ஸ் பார்க்க ஆளில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த விளையாட்டுக் கட்டுரையில், பில்லியர்ட்ஸ் என்பது வசதி படைத்தவர்கள் கிளப்பில் ஆடிக்கொள்ளும் ஆட்டம், அதற்கு ரசிகர் என்று யாரும் கிடையாது என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அந்த ஆட்டத்துக்கு ரசிகன். இடம் கிடைக்காமல் முண்டியடித்து உட்கார்ந்து பார்த்தவன்.

எனக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். கொட்டை உடைக்கும் இயந்திரங்கள் இப்போது வியட்நாமிலிருந்தும் வருகின்றன. 2024 மே மாதம் ஒன்றை நேரில் பார்த்து விலை பேசலாமென்று திருச்சியில் விமானம் ஏறினேன். பின் ஃபுவொக் மாகாணத்தில் வேலை முடிந்து ஹோ சி மின் நகருக்கு (பழைய பெயர் சைகோன்) திரும்பியபோது கையில் இரண்டு நாள் மிச்சம். அதே வாரம் அங்கே மூன்று குஷன் கேரம் பில்லியர்ட்ஸ் உலகக் கோப்பை. யூடியூபில் டிக் ஜாஸ்பர்ஸ், டோர்பியோன் புளோம்டால் என்று இந்த ஆட்டத்தில் உலக சாம்பியன் ஆனவர்களின் ஆட்டங்களை ராத்திரி ஒரு மணி வரை பார்த்து வீட்டில் திட்டு வாங்குகிற எனக்கு, அதற்கு மேல் என்ன வேண்டும்? "சைகோனுக்குப் போயி கேரம் போர்டு பார்த்தீங்களா?" என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன். நம் ஊர் கேரம் போர்டுக்கும் இதற்கும் சம்பந்தம் பெயரோடு சரி. இந்த மேஜையில் பந்து விழ ஓட்டையே கிடையாது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மொத்தம் மூன்றே பந்து. ஒருவருக்கு வெள்ளை, எதிராளிக்கு மஞ்சள், சிவப்பு பொது. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட வேண்டும். இரண்டாவது பந்தைத் தொடுவதற்குள் மேஜையின் ஓரக் குஷனில் குறைந்தது மூன்று தடவை மோதியிருக்க வேண்டும். அப்படித் தொட்டால் ஒரு புள்ளி, ஆட்டம் தொடரும். தவறினால் போய் உட்கார வேண்டியதுதான். மேஜைக்கு வரும் ஒவ்வொரு தடவைக்கும் சராசரியாக 2 புள்ளி எடுப்பவர் உலகத் தரத்து ஆட்டக்காரர் என்றால் இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் போனது தகுதிச் சுற்று நாட்களில். பெரிய ஆட்டக்காரர்கள் நேராகப் பிரதான சுற்றுக்கு வருவார்கள், அதற்குள் என் விமானம் கிளம்பிவிடும். அந்த வருத்தம் அரங்கத்துக்குள் நுழைந்த பத்து நிமிடத்தில் மறந்துபோனது. நுயென் சூ உள்விளையாட்டரங்கம் நகரின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் சுவாங் தின் தெருவில் நம் மாரியம்மன் கோயில். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அங்கே ஊதுவத்திக் கட்டோடு நின்ற வியட்நாமியப் பெண்களைத் தாண்டி நடந்தே போனேன். உள்ளே வரிசையாக மேஜைகள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். எதைப் பார்ப்பது, எதை விடுவது? திருவிழாவில் நாலு மூலையிலும் கூத்து நடந்தால் எப்படி இருக்கும், அப்படி.

எனக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றும் பெரியவர் ஒருவர். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு வியட்நாமிய மொழி தெரியாது. ஆனால் ஆட்டக்காரர் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, குனிந்து பிடிக்கும் முன்பே பெரியவர் தன் உள்ளங்கையை மேஜையாக்கி, பந்து எங்கே மோதி எங்கே திரும்பும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டிவிடுவார். பத்துக்கு ஏழு சரியாக இருந்தது. மீதி மூன்றில் ஆட்டக்காரர்தான் தப்பாக அடித்தார் என்பது அவர் கட்சி. அவருடைய கைப்பேசித் திரையில் சான் குயெட் சியென் படம். 2018இல் இதே நகரத்தில் உலகக் கோப்பையை வென்ற முதல் வியட்நாமியர். 2023இல் அங்காராவில் பாவ் ஃபுவோங் வின் உலக சாம்பியனே ஆகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் கூட்டம் இருக்காதா?

ஒரு அடி மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தொடக்கச் சுற்றுகளில் 30 புள்ளி கணக்கு. கொரியப் பையன் ஒருவன் 29, உள்ளூர் ஆள் 27. ஒரு அடிக்கு 40 வினாடிதான் கெடு. கடிகாரம் இறங்கிக்கொண்டே வர, பையன் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மேஜை ஓரக் கட்டையில் பதித்திருக்கும் குறிகளைக் கண்ணால் எண்ணிவிட்டுக் குனிந்தான். அவன் பந்து சிவப்பை லேசாகச் சீவியது. நீளக் குஷன், குட்டைக் குஷன், திரும்ப நீளக் குஷன். மூலையில் கிடந்த மஞ்சளை நோக்கி ஊர்ந்தது. ஓடவில்லை, ஊர்ந்தது. அந்த மூன்று நான்கு வினாடியும் எங்கள் பக்கத்துக் கேலரி மொத்தமும், பஸ் வளைவில் திரும்பும்போது சாய்வது மாதிரி, ஒரே பக்கமாகச் சாய்ந்தது. நானும்தான். தலைமுடி கனம் இடைவெளியில் பந்து விலகிப் போனது. "சோய் ஓய்!" என்று கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு. நம் 'ஐயோ'வுக்கு அதுதான் அவர்கள் சொல். விசித்திரம் என்னவென்றால், பையன் எதிராளி நாட்டுக்காரன். அவனுக்காகவும் அந்தக் கூட்டம் ஐயோ என்றது.

இன்னொரு விஷயம், இது முந்திரிக்காரன் கண்ணுக்கு மட்டும் படுவது. துணிக்கு அடியில் இருக்கும் கற்பலகையை மின்சாரத்தால் சூடாக்கியே வைத்திருக்கிறார்கள். மே மாதத்தில் சைகோனில் மழை தொடங்கிவிடும், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். துணி ஈரம் வாங்கினால் பந்து கனத்துப்போய் நாலு குஷன் தாண்டாது. முந்திரிப் பருப்பைப் போர்மா என்கிற சூட்டறையில் வைத்து ஈரம் எடுத்தால்தான் தோல் உரியும் என்பது எங்கள் பாடம். உலகக் கோப்பை மேஜைக்கும் அதே வைத்தியம் என்று தெரிந்தபோது எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

வசதி படைத்தவர் ஆட்டம் என்ற வரிக்கு வருகிறேன். என் சித்தப்பா நீலகிரியில் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக, அதாவது புள்ளி குறித்து, பந்து பொறுக்கிக் கொடுக்கும் ஊழியராக இருந்தவர். 1979 கோடை விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனேன். பின்பக்க ஜன்னலோரம் நின்றுதான் அந்தப் பச்சை மேஜையை முதன்முதலில் பார்த்தேன். முன்வாசல் வழியாக எங்களுக்கு அனுமதி இல்லை. துரைமார் போய் முப்பது வருடம் ஆகியும் அதுதான் நடைமுறை. ஆக, கட்டுரை எழுதியவர் பார்த்த பில்லியர்ட்ஸ் எனக்கும் தெரியாததல்ல. ஆனால் சைகோனில் தங்கியிருந்த விடுதிக்கு எதிர்ச் சந்திலேயே மேஜை போட்ட கடை இருந்தது. 'பி-டா' என்று எழுதியிருந்த பலகை பில்லியர்ட்ஸைத்தான் சொல்கிறது என்று புரிய எனக்கே ஒரு நாள் ஆயிற்று. ரப்பர் செருப்பும் பனியனுமாக ஆட்கள், ஓரத்தில் ஐஸ் காப்பி. மணிக்கணக்குக்கு மேஜை வாடகை. யார் வேண்டுமானாலும் கியூவை எடுக்கலாம். நானும் எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு புள்ளி, அதில் ஒன்று தற்செயல்.

ஊர் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்ட முடிவைக் கைப்பேசியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். கொரியாவின் கிம் ஜுன் டேயைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியவர் சான் டுக் மின் என்ற வியட்நாம்காரர். தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்தவர்! ஒருவேளை நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேஜையிலேயே அவர் ஆடியிருக்கலாம். அந்தப் பெயரை நான் குறித்து வைக்கவில்லை. ஹெல்மெட் பெரியவர் கட்டாயம் குறித்து வைத்திருப்பார்.

மறுநாள் காலை உங்கள் விளையாட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒரு வரி இல்லை. நம் நாட்டு பில்லியர்ட்ஸ் சாம்பியன் பங்கஜ் அத்வானி ஜெயித்தால் போடுகிறீர்கள், அது சரி. இதில் நம்மவர் யாரும் இல்லைதான். ஆனால் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் மட்டும் நம்மவரா ஆடுகிறார்? உலகக் கோப்பை முடிந்த மறுநாள், திங்கட்கிழமைகளில் மூன்று வரி போதும்: எந்த ஊர், யார் வென்றார், யாரை. கூடவே, 'கேரம்' என்று மட்டும் தலைப்புப் போட்டுவிடாதீர்கள். 'மூன்று குஷன் பில்லியர்ட்ஸ்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் என் வீட்டில் மறுபடியும் சண்டை.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மூன்றே பந்து, ஓட்டை கிடையாது என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ பந்து பொறுக்கிக் குடுக்கற வேலை மார்க்கருக்கு இல்ல. எவ்ளோ சம்பளம்டா குடுக்கறான்?"

இப்படிக்கு,
ஒரு முந்திரி வியாபாரி,
பண்ருட்டி.