நாலாவது சீட்டு

முலுண்ட், மும்பை
14.12.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. தட்டை நொறுங்கிவிட்டது, தூளைக்கூட விடவில்லை. எப்போது போன் பேசினாலும் அக்கா, அக்கா என்கிறாயே, யார் அது என்று கேட்டாய். தினமும் லோக்கல் ரயிலில் என்னோடு வருபவர். அக்காவுக்கு வயது 64. உன்னைவிட 11 வயது மூத்தவர். "பாட்டின்னு கூப்பிட்டா சீட்டு கெடையாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இங்கே லோக்கலில் உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். நான் இந்தியில் திக்கித் திணறிக் கேட்டபோது, "மாதுங்கா. ஏட்டி, நீ எந்த ஊரு?" என்று பதில் வந்தது. ஊரைவிட்டு வந்து ஒன்பதாவது நாள் அது. அழுகையே வந்துவிட்டது. அவருக்கு அம்பாசமுத்திரம். கல்யாணமாகி 1981-இல் வந்தவர், மாதுங்காவில் இரண்டு வீட்டில் சமைக்கிறார். (அந்த ஸ்டேஷனில் 2017 முதல் மாஸ்டரிலிருந்து டிக்கெட் கொடுப்பவர் வரை எல்லாரும் பெண்கள். அப்பாவிடம் சொல், கொஞ்சம் பயம் குறையட்டும்.)

மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம், அது இங்கே எழுதாத சட்டம். அக்கா தானேயில் ஏறி, எனக்கு அந்த அரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பார். சும்மா இல்லை. இப்போது பட்டாணி மலிவு. பையைப் பிரித்துப் பாதியை என் துப்பட்டாவில் கொட்டுவார். குர்லா வருவதற்குள் உரித்தாக வேண்டும்.

ஒருநாள் அவர் நிற்பதைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தேன். "கெழவின்னு நெனச்சியோ?" என்றவர், மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அவரே முழங்காலைக் காட்டினார். டாக்டர் ஆபரேஷன் என்கிறாராம், மகளிடம் சொல்லவில்லையாம். நானும் ஆபீஸில் திட்டு வாங்கியதை உன்னிடம் சொல்லாமல் அவரிடம்தான் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. நம் சொந்தத்தில் பெரியவர்கள் என்றால் கல்யாணப் பேச்சில் ஆரம்பித்து அதிலேயே முடிப்பார்கள். இவர் ஒருநாளும் கேட்டதில்லை. என்னைக் கரைசேர்க்கும் பொறுப்பு அவருக்கு இல்லை, அதனால்தானோ என்னவோ.

அப்புறம், அடுத்த பார்சலில் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் கூடுதலாக வை. அக்காவுக்குப் பல் இரண்டு ஆடுகிறது. வாயில் ஊறவைத்துத் தின்றுகொள்வாராம்.

அன்புடன்,
உன் மகள்