சம்பளமில்லாத பேறுகால விடுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளை பெறும் பெண்ணுக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வார விடுப்பு. அதற்கும் ஒரே நிறுவனத்தில் 12 மாதப் பணி, கடைசி ஓராண்டில் 1,250 மணி நேர உழைப்பு, 75 மைலுக்குள் அந்நிறுவனத்துக்கு 50 ஊழியர்கள் என மூன்றும் வேண்டும். வாரம் 20 மணி நேரம் கடையில் நிற்பவருக்கு ஆண்டு முழுக்க உழைத்தாலும் 1,040 மணிதான் சேரும். தையல் ஆறாத உடம்போடு அவர் வேலைக்குத் திரும்புவது பெரும் அநியாயம்.

கலிபோர்னியா 8 வாரம் பணம் தருகிறது. ஆனால் அந்தத் திட்டம் வேலையைக் காப்பாற்றாது.

அந்த 12 வார விடுப்புக்குத் தகுதியுள்ளவர்கள் 30 நாள் முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விடுப்பிலும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் உங்கள் பங்கைக் கட்டுங்கள். 30 நாளுக்கு மேல் தாமதமானால், முன்னறிவிப்புக் கொடுத்துக் காப்பீட்டை நிறுத்த நிறுவனத்துக்கு வழியுண்டு.

- வாசகி, நியூஜெர்சி