போர்டில் பெயர் எழுதுவதை நிறுத்து

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் உன் தொண்டைக் கட்டைக் கேட்டதுமே பாதி புரிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறை, கத்திக் கத்தி அடக்குகிறாய். நீ கத்தினால் அவர்கள் அதற்கு மேல் கத்துவார்கள். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு இதைப் படி.

முதலில் அந்த லீடர் விஷயம். நீ வெளியே போனால் ஒரு பிள்ளை போர்டில் ‘பேசியவர்கள்’ என்று பெயர் எழுதுகிறது என்றாயே, அதை நாளைக்கே நிறுத்திவிடு. அந்தப் பட்டியலில் வருவது எப்போதும் அதே நாலு பெயர்தான், பேசாத நாளிலும் வரும். லீடருக்கு வேண்டியவன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தாலும் அவன் பெயர் வராது. பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு நாலு, அஞ்சு என்று ஏற்றுவது வேறு. அந்த நாலு பேரின் பெயர் வேறு எதற்காகவாவது போர்டில் ஏறியிருக்கிறதா என்று யோசித்துப் பார்.

இங்கே கடலூர் முதுநகர் பக்கம் நான் டீச்சராக வேலை பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மற்ற நேரத்தில் சாது. பாடம் வாசிக்கும்போது மட்டும் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், இல்லை பென்சிலை ஒடிப்பான். ‘வெளியே போய் நில்’ என்றால் முகத்தில் வாட்டமே இருக்காது. வரிசையாக ஆளுக்கு இரண்டு வரி வாசிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். கவனித்துப் பார்த்தபோது, தன் முறை வர இரண்டு பேர் இருக்கும்போதுதான் அவன் கை நீளும் என்று தெரிந்தது. வாசிக்கத் தெரியாது என்பதை நாற்பது பேர் முன்னால் காட்டிக்கொள்வதைவிட வெளியே நிற்பது அவனுக்கு மேல். அப்புறம் நாளைக்கு அவன் வாசிக்க வேண்டிய இரண்டு வரியை முந்தின நாள் சாயங்காலமே குறித்துக் கொடுத்தேன். வரிசை முறையை விட்டு இருவர் இருவராக வாசிக்க வைத்தேன். கிள்ளுவது நின்றது. வாசிப்பு வர அந்த வருஷம் முழுக்கப் பிடித்தது, அது வேறு கதை.

அதனால் ஒரு பிள்ளை சேட்டை செய்தால், அதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது என்று பார். நீ வேலை பார்க்கும் தளி, கர்நாடக எல்லைப் பக்கம். அங்கே பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதே. முதலில் அந்தப் பிள்ளை தன் மொழியிலேயே சொல்லட்டும், இரண்டு மொழியும் தெரிந்த இன்னொரு பிள்ளை அதைத் தமிழில் சொல்லட்டும், பிறகு முதல் பிள்ளையே தமிழில் திருப்பிச் சொல்லும்.

அரசுப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்து அட்டைகளில், பிள்ளைகள் கற்ற நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிரித்திருப்பது நீ பாடம் நடத்தத்தான், பிள்ளைகளைக் கூப்பிட அல்ல. ‘அரும்புப் பசங்க இந்தப் பக்கம் வாங்க’ என்று ஒரு வாரம் சொல்லிவிட்டால் அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். குழுவை அடிக்கடி கலைத்துப் போடு. கணக்கில் மலராக இருப்பவன் தமிழில் அரும்பாக இருப்பான்.

எழுத்தை இடம் வலமாக மாற்றிப் போடுகிறாள் என்று நீ சொன்ன அந்தப் பெண்ணை ‘மக்கு’ என்று யாரும் சொல்ல விடாதே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அவளுக்கு அதுதானா என்று நீயும் நானும் முடிவு செய்ய முடியாது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் நோட்டுகளைக் காட்டு. அதுவரை வாய்மொழியாகப் பதில் சொல்ல விடு.

உன் அப்பா ‘அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கென்ன, அவர் பேங்கில் வேலை பார்த்தவர். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடியை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. முழங்கால் போட வைப்பதும், ‘உன் அண்ணனும் இப்படித்தான் இருந்தான்’ என்பதும் வேண்டாம். ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்பதும் எனக்குப் பிடிக்காது. ஆறு வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம் அப்படி உட்காரும்?

‘வெரி குட்’ சொல்வது சரிதான், ஆனால் எதற்கு என்று சேர்த்துச் சொல். ‘தட்டை நீயே கழுவி அடுக்கிவிட்டாய்’ என்றால் பக்கத்துப் பிள்ளை தன் தட்டைப் பார்க்கும்.

எந்த நேரத்தில் வகுப்பு கலைகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து எனக்குச் சொல். மத்தியானச் சாப்பாடு முடிந்து உள்ளே வரும் நேரமாகத்தான் இருக்கும். அப்போது உடனே பாடத்தை ஆரம்பிக்காமல், கதவருகே நின்று, கைதட்டுப் பாட்டு ஒன்றை மெதுவான குரலில் தொடங்கு. தினமும் அதே பாட்டு. கூட்டம் தானே உட்காரும். உட்காராத இரண்டு பேருக்கு அட்டை எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கொடு.

பண்ருட்டி முந்திரி அரைக்கிலோ அப்பா பார்சல் போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கொடுத்து வாயடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், நீ சாப்பிடு.

அன்புடன்,
அம்மா